லாங் பிராஞ்ச் 1943: இரண்டாம் முறையில் சரியாக வாங்கிய த்ரீ நாட் த்ரீ

சென்ற சனிக்கிழமை காலை, 100 கெஜத்தில் ஐந்து தோட்டாக்கள் சுட்டேன். இலக்கு அட்டையைக் கழற்றி வந்து ஸ்கேல் வைத்து அளந்தேன். மிக விலகிய இரண்டு துளைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு 7 சென்டிமீட்டர். தொலைநோக்கி எதுவும் இல்லை, இரும்புக் குறிகள் மட்டும்தான். துப்பாக்கிக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. என் கண்ணுக்கு ஐம்பது. இந்த 7 சென்டிமீட்டருக்கு வந்துசேர இரண்டரை ஆண்டுகளும் இரண்டு துப்பாக்கிகளும் ஆயின. முதல் துப்பாக்கியில் நான் செய்த தவறுகளை வேறு யாரும் செய்ய வேண்டாம் என்பதால் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எனக்கு இந்த ஆசை திருச்சியில் தொடங்கியது. கல்லூரி என்.சி.சி. முகாமில் ஒரே ஒரு நாள், ஈஷாப்பூரில் செய்த .303 ரைபிளில் ஐந்து தோட்டாக்கள் சுடக் கொடுத்தார்கள். தோளில் வாங்கிய உதை இரண்டு நாள் வலித்தது. காவல் நிலைய வாசலில் பார்த்துப் பழகிய அந்தத் 'த்ரீ நாட் த்ரீ' கையில் எவ்வளவு கனமாக, எவ்வளவு நேர்த்தியாக இருந்தது என்பது அதன்பிறகு மறக்கவே இல்லை. பிழைப்புக்காகக் கனடாவுக்கு வந்து, டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது: அதே குடும்பத்தைச் சேர்ந்த லீ-என்ஃபீல்டு எண் 4 ரைபிளை இரண்டாம் உலகப் போரில் இதே ஏரிக்கரையில், லாங் பிராஞ்சில் செய்திருக்கிறார்கள். 1941 முதல் போர் முடியும்வரை 9 லட்சத்துக்கும் மேல். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொழிற்சாலையின் சோதனைக் கட்டடம் மிசிசாகாவின் லேக்‌ஷோர் சாலையில் இன்றும் நிற்கிறது. இப்போது அது கலைக்கூடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த ரைபிளின் பொறியமைப்பை உருவாக்கிய ஜேம்ஸ் பாரிஸ் லீ, ஸ்காட்லாந்தில் பிறந்து, இதே ஒன்டாரியோ மாகாணத்தின் கால்ட் என்னும் ஊரில் வளர்ந்தவர். அதன்பிறகு மௌசர், மொசின் என்று வேறு எதையும் நான் தேடவில்லை. லாங் பிராஞ்சில் செய்த ஒன்றுதான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் உரிமம். பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு, எழுத்துத் தேர்வு, கையில் கொடுத்து இயக்கச் சொல்லும் செய்முறைத் தேர்வு, நம்மை அறிந்த இருவரின் சான்று. முதல்முறை விண்ணப்பிப்பவருக்குச் சட்டப்படி குறைந்தது 28 நாள் காத்திருப்பு. என் உரிம அட்டை வீட்டுக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. விண்ணப்பத்தில் வாழ்க்கைத் துணை கையெழுத்திட ஓர் இடம் உண்டு. என் மனைவி பேனாவை எடுத்துவிட்டு, "இதை வீட்டில் எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கே ஒரு பூட்டும் எஃகு அலமாரி வாங்கினேன், 190 டாலர். அடித்தளச் சுவரில் நான்கு போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, அதற்குத் தனிப் பூட்டு.

அடுத்ததுதான் தவறு. உரிமம் வந்த மூன்றாம் வாரம் தெற்கு ஒன்டாரியோவில் ஒரு சிற்றூரில் துப்பாக்கிக் கண்காட்சி. மேசையில் ஒரு லாங் பிராஞ்ச், 1942. மரம் முழுமையாக இருந்தது, உலோகம் புதிதாகக் கருநீலம் ஏற்றப்பட்டுப் பளபளத்தது. 620 டாலர். கையில் எடுத்து, திறந்து, குழலுக்குள் ஒரு பார்வை பார்த்தேன். எண்ணெய் தடவிய குழல் எதுவானாலும் மின்னும் என்பது அப்போது தெரியாது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்னாலிருந்து பூட்டும் தண்டுக்குப் போல்ட் என்று பெயர். அதன் கைப்பிடியின் பின்னால் பழைய எண்ணை அராவிவிட்டு, மின்பேனாவால் புதிய எண் எழுதியிருந்தார்கள். அதையும் பார்த்தேன், அதன் பொருள் தெரியாததால் கடந்துவிட்டேன். இருபது நிமிடத்தில் பணம் கொடுத்தாயிற்று.

சுடும் திடலில் முதல் நாள் புதிய தோட்டாக்கள் பத்து. ஒன்பதாவதுவரை எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் நினைத்தேன். பத்தாவது தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே வந்தபோது, அடி விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே முடி கனத்தில் ஒரு விரிசல் வளையமாக ஓடியது. பக்கத்து மேடையில் சுட்டுக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், லேத் பட்டறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர், மான் வேட்டைக்குப் போகிறவர். கூட்டை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இன்றைக்கு இதோடு நிறுத்தும்," என்றார். மீதி ஒன்பது கூடுகளையும் பொறுக்கச் சொன்னார். ஒரு காகிதக் கிளிப்பை நேராக்கி, நுனியை மட்டும் மடக்கி, கூட்டின் உள்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. பித்தளை உள்ளே இழுபட்டு மெலிந்திருக்கிறது. இன்னும் சில தோட்டாக்கள் சுட்டிருந்தால் ஒரு கூடு இரண்டாகப் பிரிந்து, சூடான வாயு என் முகத்தை நோக்கி வந்திருக்கக்கூடும். அன்று முதல் அவர் எனக்கு அண்ணன்.

துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். .303 தோட்டாவின் பின்விளிம்பு போல்ட் தலைக்கும் குழல் முகத்துக்கும் இடையே உட்காரும். அந்த இடைவெளிக்குப் பட்டறையில் ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். 0.064 அங்குல கேஜின் (அளவுக்கட்டை) மேல் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குல கேஜின் மேல் மூடக் கூடாது. என்னுடையது 0.074 மேல் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல மூடியது. எண் 4 ரைபிளில் போல்ட் தலையைத் தனியாகத் திருகிக் கழற்றலாம். 0 முதல் 3 வரை எண்ணிட்ட தலைகள் உண்டு. எண் கூடக்கூட நீளம் கூடும். என் ரைபிளில் 2 இருந்தது. 45 டாலருக்கு 3 வாங்கிப் பொருத்தினோம். அப்போதும் மூடியது. எங்கிருந்தோ வந்த வேறொரு ரைபிளின் போல்ட், குழலையும் போல்ட்டையும் தாங்கும் உடற்பகுதியான இந்த ரிசீவரில் சரியாக உட்காராமலே பல காலம் ஓடித் தேய்ந்திருக்கிறது. பார்த்ததற்குக் கூலி 60 டாலர்.

மரங்கள், மேகசின், பட்டைகள், குறிகள் எல்லாவற்றையும் பிரித்து 360 டாலருக்கு விற்றேன். ரிசீவர் சட்டப்படி துப்பாக்கிதான் என்பதால், அதை உரிமம் பெற்ற அந்தப் பழுதுபார்ப்பவரிடமே முறையாக ஒப்படைத்தேன். கணக்குப் பார்த்தால் 365 டாலர் நட்டம். அதைவிட, யாரோ ஒருவர் அந்தப் பளபளப்பைப் போட்டு இந்தப் பழுதை மறைத்தாரே என்பதுதான் இன்றும் எனக்கு வலிக்கிறது.

இரண்டாவது தேடலுக்கு முன் கருவிகள் வாங்கினேன். மூன்று ஹெட்ஸ்பேஸ் கேஜ்கள், 115 டாலர். பேனா அளவு டார்ச், உருப்பெருக்கி, வெர்னியர், குழல் துடைக்கத் துணியும் கயிறும், ஒரு வெள்ளை அட்டைத் துண்டு, நீல மார்க்கர். கூடவே, வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் இல்லாத கூட்டில் அண்ணன் ஒரு முழு உறையிட்ட குண்டைப் பொருத்திக் கொடுத்த போலித் தோட்டா. எல்லாம் ஒரு சாப்பாட்டுப் பையில் அடங்கின.

ஒவ்வொரு ரைபிளையும் பார்த்த முறை இது. முதலில் விற்பவரிடம் கேஜ் வைத்துப் பார்க்க அனுமதி கேட்பேன். மறுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அனுமதித்தால், குழலில் உலர்ந்த துணியை இழுத்து எண்ணெயை எடுத்துவிட்டு, பின்வாயில் வெள்ளை அட்டையை வைத்து ஒளி பாய்ச்சி முன்பக்கத்திலிருந்து பார்ப்பேன். குண்டைச் சுழலவைக்கக் குழலின் உள்சுவரில் வெட்டிய வரிப்பள்ளங்களின் ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். பள்ளங்கள் ஐந்து இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். போர்க்காலத்தில் வேகத்துக்காக இரண்டு பள்ளக் குழல்களும் செய்தார்கள், அவையும் நன்றாகவே சுடுகின்றன. பிறகு போலித் தோட்டாவின் குண்டு முனையைக் குழல் வாயில் நுழைப்பேன். குண்டின் ஒரு பகுதி வெளியே தெரிய வேண்டும். கூட்டின் கழுத்துவரை உள்ளே விழுங்கிவிட்டால் வாய் தேய்ந்துவிட்டது. பட்டாளத்தில் துடைக்கும் கயிற்றை ஒரே கோணத்தில் இழுத்து இழுத்து வாயின் ஒரு பக்கம் மட்டும் தேய்வதும் உண்டு. உருப்பெருக்கியில் வட்டம் முட்டை வடிவமாகத் தெரியும்.

அடுத்தது போல்ட் தலை ஓடும் தடம். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். லாங் பிராஞ்சில் செய்தவை பெரும்பாலும் மார்க் 1 நட்சத்திர வகை. போல்ட்டைக் கழற்றுவதற்கு முந்தைய வகையில் இருந்த விசைத் தாழை நீக்கிவிட்டு, வேலையை எளிதாக்க, தடத்தின் முன்பகுதியில் ஒரு பள்ளம் மட்டும் வெட்டினார்கள். அந்தப் பள்ளத்தின் ஓரம் நாளடைவில் சில்லு உடைகிறது. உடைந்தபின் போல்ட்டை வேகமாக இழுத்தால் தலை தடத்தைவிட்டு எகிறிவிடும். சரிசெய்வது பெரிய வேலை. எனவே டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பள்ளத்தின் இரு ஓரங்களையும் பார்த்து, பிறகு போல்ட் தலையைக் கட்டைவிரலால் மேல்நோக்கி அழுத்தியபடியே பத்து முறை முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். எகிறினால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

கடைசியாக எண்கள். ரிசீவரின் இடப்பக்கத்திலும் போல்ட் கைப்பிடியின் பின்னாலும் ஒரே எண் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அச்சு எழுத்தில் இருக்க வேண்டும். சி எழுத்துக்குள் மேல்நோக்கிய அம்பு, கனடா அரசின் உடைமை முத்திரை. அது மனத்துக்கு நிறைவு, பாதுகாப்புக்கு அல்ல.

பதினான்கு மாதங்களில் ஐந்து ரைபிள்களைப் பார்த்து விட்டேன். ஒன்றில் தடம் உடைந்திருந்தது, ஒன்றில் குழல் வாய் தேய்ந்திருந்தது. ஒன்று அமெரிக்காவில் சாவேஜ் நிறுவனம் செய்தது. நல்ல நிலையில்தான் இருந்தது, ஆனால் எனக்கு வேண்டியது ஏரிக்கரைத் துப்பாக்கி. 1944ஆம் ஆண்டு ஒன்றுக்கு 1,200 டாலர் கேட்டார்கள், போல்ட் எண்ணோ பொருந்தவில்லை. என்னை மிகவும் இழுத்தது ஐந்தாவது. வேட்டைக்காக, குழலுக்குக் கீழே ஓடும் மரமான முன்கட்டையை வெட்டிக் குறைத்த ரைபிள், உள்ளே எல்லாம் அருமை, 400 டாலர்தான். புதிய முன்கட்டை, குழலை மேலே மூடும் இரண்டு மேல்கட்டைகள், பட்டைகள், திருகுகள் என்று விசாரித்ததில் 350 டாலர் வந்தது. மொத்தம் 750, பணத்தில் அதுதான் மலிவு. ஆனால் எண் 4 ரைபிளின் முன்கட்டை ரிசீவரில் முட்டி நிற்கும் இடங்களைக் கையால் செதுக்கி இழைத்துப் பொருத்த வேண்டும். அதற்குரிய கை எனக்கு இல்லை என்பதை ஒப்புக்கொண்டு விட்டுவிட்டேன். தச்சு தெரிந்தவர்கள் அப்படி ஒன்றைத் தயங்காமல் வாங்கலாம்.

ஆறாவது ரைபிள் பீட்டர்பரோ அருகே ஒரு பண்ணை வீட்டில் இருந்தது. தந்தையின் சேகரிப்பைப் பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், சமையலறை மேசையில் பழைய போர்வை விரித்து அதை வைத்திருந்தார். 1943. மரம் கறுத்து, அழுக்கேறி, பின் மேல்கட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. பார்க்க அழகே இல்லை. அண்ணனும் என்னோடு வந்திருந்தார். துணி இழுத்ததும் குழலில் ஐந்து பள்ளங்களும் கூர்மையாக நின்றன. போலித் தோட்டாவில் குண்டு எட்டு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தது. தடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எண்கள் பொருந்தின. போல்ட் தலை எண் 1. அதாவது, தேய்மானத்தை ஈடுகட்ட இன்னும் இரண்டு அளவுகள் கையிருப்பில் இருக்கின்றன. 0.064 கேஜில் மூடியது, 0.074 கேஜில் கைப்பிடி பாதியில் நின்றது. அண்ணன் போல்ட்டின் இரண்டு தாங்கு பற்களின் பின்முகத்திலும் நீல மார்க்கர் பூசி, கேஜ் வைத்து மூடித் திறந்து பார்த்தார். இரண்டு பக்கமும் மை சமமாக அழிந்திருந்தது, அதாவது இரண்டு பற்களும் ஒரே அளவில் தாங்குகின்றன. "வாங்கும்," என்று ஒரே சொல் சொன்னார்.

கேட்ட விலை 1,100. நான் பிளவைக் காட்டினேன், 1,050க்கு ஒப்புக்கொண்டார். 2022 மே மாதம் முதல் இத்தகைய சாதாரண வகைத் துப்பாக்கிகளுக்கும் விற்பவர் வாங்குபவரின் உரிமத்தைச் சரிபார்த்து ஓர் எண் பெற வேண்டும். அவர் தம் மகளை அழைத்துக் கணினியில் அதை முடித்தார். போர்வையையும் சேர்த்தே கொடுத்தார்.

வீட்டில் பிரித்தபோது மரத்துக்கு அடியில் குழலின் வெளிப்புறம் உறைந்த பழைய கிரீஸும் மிளகு தூவியதுபோல் துருவும் இருந்தன. நான்கு சுழி (0000) எனப்படும் மிக மெல்லிய எஃகுப் பஞ்சில் மெல்லிய எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். துரு போயிற்று, கருமை நின்றது. மரத்தை உப்புத்தாள் போட்டு இழைக்கவே இல்லை. இழைத்தால் முத்திரைகள் போய்விடும், மரம் மெலிந்து உலோகத்துக்குக் கீழே இறங்கிவிடும். வெதுவெதுப்பான துணியால் அழுக்கை மட்டும் துடைத்து, காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்தேன். மெல்லிய பூச்சு, ஒரு வாரம் இடைவெளி, இப்படி ஆறு முறை. கறுப்புக்கு அடியிலிருந்து வால்நட்டின் சிவப்பு எழுந்து வந்தது. எண்ணெயும் பஞ்சும் 40 டாலர். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது, தானே தீப்பிடிக்கும். வேலியில் விரித்துக் காயவைத்தே எறிந்தேன்.

முதல் நாள் சுட்டதில் கூடுகள் அத்தனையும் சுத்தமாக வந்தன. கிளிப் நுனி எங்கும் விழவில்லை. ஆனால் அட்டையில் குண்டுகள் 16 சென்டிமீட்டருக்குச் செங்குத்தாக நீண்டு, எல்லாமே மேலே ஏறிக் கிடந்தன. இங்கே இரண்டு பிரச்சினைகளை நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு மூன்று வார இறுதிகளை வீணாக்கினேன்.

மேலே ஏறுவது பழுதே அல்ல. என் ரைபிளின் பின்குறி மடக்கும் வகை. அதில் 300, 600 கெஜத்துக்கு இரண்டே துளைகள். 300 கெஜத்துக்கு வைத்த குறி 100 கெஜத்தில் மேலேதான் அடிக்கும். முன்குறித் தகடுகள் 0.015 அங்குலப் படிகளாகக் கிடைக்கின்றன. ஒரு படி உயர்ந்தால் 100 கெஜத்தில் ஏறத்தாழ 2 அங்குலம் கீழே இறங்கும். என்னுடையதில் 0.030 இருந்தது. 0.045, 0.060 இரண்டும் வாங்கினேன், தலா 15 டாலர். 0.060 சரியாக உட்கார்ந்தது. பழைய தகட்டைப் பெயர் எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீளமாகச் சிதறுவதுதான் உண்மையான பழுது. எண் 4 ரைபிளில் முன்கட்டையின் நுனி குழலைக் கீழிருந்து மேலே தாங்கி அழுத்த வேண்டும். 2 முதல் 7 பவுண்டு வரை அந்த அழுத்தம் இருக்க வேண்டும். துப்பாக்கியைத் துணி சுற்றிய வைஸில் பிடித்து, மீன் நிறுக்கும் வில்தராசின் கொக்கியைக் குழல் வாய்க்குக் கீழே மாட்டி மேலே இழுத்தேன். ஒரு பவுண்டு தொடும் முன்பே மரத்துக்கும் குழலுக்கும் நடுவே காகிதம் நுழைந்தது. மரம் சுருங்கிவிட்டது. முதலில் அரை மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை வளைத்து வைத்தேன். தகடு ஒருபக்கம் தூக்கிக்கொண்டு குழலை வலப்புறம் தள்ளியது. குண்டுகளும் வலப்புறம் போயின. அதை எடுத்துவிட்டு, வால்நட் மரத்தின் மெல்லிய சீவல் ஒன்றைப் பள்ளத்தின் வளைவுக்கேற்பப் பசை போட்டு ஒட்டி, குழலில் புகைக்கரி தடவி, உட்காரவைத்து எடுத்து, கரி பட்ட இடத்தை மட்டும் மெல்லத் தேய்த்தேன். இப்படி ஒன்பது முறை. கரி நடுவில் சமமாகப் பட்டபோது தராசு 5 பவுண்டு காட்டியது. அடுத்த சனிக்கிழமை 9 சென்டிமீட்டர். அதற்கடுத்ததுதான் அந்த 7.

தோட்டாக்கள் பற்றி ஒரு விஷயம். நான் சுடுவது புதிதாகச் செய்த 174 கிரெய்ன் எடையுள்ள குண்டு, இருபது கொண்ட பெட்டி 48 டாலர். இதுவரை ஐந்து பெட்டிகள். நடுவில் ஒருமுறை நண்பர் கொடுத்த பழைய பட்டாளத் தோட்டாக்களைச் சுட்டுவிட்டு இரண்டு நாள் துடைக்காமல் வைத்தேன். அவற்றின் ப்ரைமரில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்து, குழலுக்குள் பழுப்பு படிந்துவிட்டது. கொதிநீரை ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்ட பின் போயிற்று, பள்ளம் விழவில்லை. அன்றே கழுவியிருக்க வேண்டும். மேகசினில் ஏற்றும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். மாறினால் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும்.

மொத்தக் கணக்கு: ரைபிள் 1,050, கேஜ்கள் 115, அலமாரி 190, எண்ணெயும் பஞ்சும் 40, முன்குறித் தகடுகள் 30, தோட்டாக்கள் 240. ஆக 1,665. முதல் துப்பாக்கியின் நட்டம் 365 சேர்த்தால் 2,030 டாலர். பயிற்சி வகுப்பும் உரிமக் கட்டணமும் இதில் இல்லை.

மறுபடி வாங்குவதானால் கேஜ்களைத்தான் முதலில் வாங்குவேன். துப்பாக்கியைத் தேடத் தொடங்குவது அதற்குப் பிறகே. வில்தராசையும் பையில் போட்டுக்கொண்டு போய் விற்பவர் மேசையிலேயே நுனி அழுத்தத்தை அளப்பேன். அது விலை பேசவும் உதவும், வீட்டு வேலை எவ்வளவு என்றும் சொல்லிவிடும். முன்குறித் தகட்டின் எண்ணை முதல் நாளே குறித்துக்கொள்வேன்.

பின் மேல்கட்டையின் பிளவு இன்னும் அப்படியே இருக்கிறது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. அசிட்டோனில் எண்ணெயை எடுத்துவிட்டு, உள்பக்கமாக இரண்டு மெல்லிய பித்தளை ஆணிகள் கொடுத்து ஒட்டலாம் என்று அண்ணன் சொல்கிறார். நவம்பரில் திடல் மூடியபின் அவருடைய பட்டறைக்குக் கொண்டுபோகிறேன்.